இரண்டு பாதியிலும் இருந்தவர்

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, எங்கள் குடும்பத்தில் பழுதானவர் யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. யாரும் அதை என்னிடம் ஒப்படைக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கவும் மூடவும் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் அது தானாகவே வந்தது. அதை நான் மிகுந்த கண்டிப்போடு நிறைவேற்றினேன் என்பதை இன்றும் சிறிது வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது நாங்கள் பிஜித் தீவுகளில், நாந்தி நகரத்தை அடுத்த வோட்டுவாலேவில் குடியிருந்தோம். அப்பா விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. எனக்கு ஐந்து வயது இளைய தம்பி ஒருவன். எங்கள் நால்வரோடு அத்தையும் இருந்தார். அப்பாவுக்கு மூத்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர். வீட்டில் புழங்கிய மொழி பிஜி இந்தி. அத்தை மட்டும் தமிழில் பேசுவார். பதில் இந்தியில் வந்தாலும் வருத்தப்படமாட்டார். நான் தமிழிலேயே பதில் சொல்வேன். அதற்கு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. தமிழில் கேட்டால் அவரிடம் எதுவும் கிடைக்கும் என்பதை மிகச் சிறிய வயதிலேயே கண்டுகொண்டிருந்தேன்.

அத்தை கடல் தாண்டி வடக்குத் தீவில் இருந்த ட்ரெகேட்டியில், நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர். அங்கே சிறுமியாக இருந்தபோது மூட்டு வலியோடு வந்த ஒரு காய்ச்சல் கவனிப்பாரின்றிப் பல நாள் நீடித்து, போகும்போது அவருடைய இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது. அதனால் மாதந்தோறும் நாந்தி நகரத்து மருத்துவமனையில் இடுப்பில் ஓர் ஊசி. ஊசி போட்ட நாளில் நொண்டிக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்குவார். இறங்கிய கையோடு எங்களுக்கு ரொட்டி போடுவார். அவர் படியேறும்போது பாதியில் நின்று செம்பருத்தியைப் பார்ப்பது பூவின் மீதுள்ள பிரியத்தால் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

விளையாட்டு எங்களுக்கு பிரிஸ்பேனிலிருந்து வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே குடியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு விடுமுறைக்கு வந்தபோது தம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு வீட்டைக் கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்கள் சமைப்பதையும் தூங்குவதையும் சண்டையிடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதனுடன் வந்த ஆட்கள் எல்லோரும் மஞ்சள் முடிக்காரர்கள். மூல விளையாட்டில் இல்லாத முகங்களையும் பொருட்களையும் விளையாடுகிறவர்களே செய்து சேர்த்துக்கொள்வது உண்டு. அவற்றை மோட் என்பார்கள். மாமாவின் மகனுக்குப் பதினேழு வயது. இந்த வேலையில் கைதேர்ந்தவன். எங்கள் ஆல்பத்துப் படங்களிலிருந்து முகங்களை எடுத்து எட்டுப் பேரைச் செய்து ஒரு குறுந்தகட்டில் அனுப்பியிருந்தான்.

அந்த எட்டுப் பேர்: நாங்கள் ஐவர், மாமா, அவன், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மாமி மட்டும் தம் முகத்தை எந்த விளையாட்டிலும் போடக்கூடாது என்று தடை விதித்துவிட்டாராம். ஆட்களோடு எங்கள் ஊர்ப் பொருட்கள் சிலவும் இருந்தன. செம்பருத்தி வேலி, ஜன்னலில் கண்ணாடி இல்லாத பஸ் ஒன்று, நங்கோனா என்ற மயக்கம் தரும் வேர்ப்பொடிப் பானத்தைக் கரைக்கும் நான்கு கால் மரத்தொட்டியான தானோவா. குறுந்தகட்டின் மேல், எல்லோரும் ஒரே வீட்டில் என்ற பொருள்பட இந்தியில் எழுதியிருந்தான்.

அதை நாங்கள் வெறும் விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா எங்களுக்குப் பொறுப்பேற்று ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பம் போட்டிருந்தார். குடியேறுகிறவர் மனைவி, மக்கள் தவிர, தம்மை நம்பி வாழும் திருமணமாகாத உறவினரையும் சேர்த்துக்கொள்ள அப்போது இடமிருந்ததால், அப்பா அத்தையின் பெயரையும் எழுதியிருந்தார். ஐந்து பேரும் தலைநகர் சுவாவுக்குப் பஸ்ஸில் போய் மருத்துவப் பரிசோதனை முடித்து வந்தோம். வந்த சில வாரங்களில், அதே சுவாவில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரதமரை விரட்டுவதற்காகத் துப்பாக்கியோடு சிலர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். நான் பிறக்கும் முன்பே இப்படி இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்திருந்தார்கள். அதனால் பெரியவர்களுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அரிசி வாங்கி வைத்தார்கள். வாசல் விளக்கை அணைத்து வைத்தார்கள். ரேடியோவின் ஒலியைக் குறைத்துக் காதருகே வைத்துக்கொண்டார்கள். பள்ளிகளை மூடினார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது.

பூர்வகுடிப் பிஜியரான பக்கத்து வீட்டுக்காரரை நாங்கள் மோமோ என்று அழைப்போம். பிஜியர்கள் தாய்மாமனைக் கூப்பிடும் சொல். விமான நிலையத்துத் தீயணைப்புப் படையில் வேலை செய்த ஆறடி மனிதர். அந்த வாரங்களில் அவர் தினமும் மாலை தம் தானோவாவை எங்கள் முன்வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பாயை விரித்து, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து, அப்பாவோடு நங்கோனா குடிப்பார். தம் வீட்டில் உட்கார இடமில்லை என்பார். அவருடைய வீடு எங்களுடையதைவிடப் பெரியது என்பதை நான் ஒருமுறை சுட்டிக்காட்டியபோது, அம்மா என் தொடையில் கிள்ளினார்.

எட்டுப் பேரையும் வீட்டில் குடிவைத்தேன். அத்தை அடுப்பருகே போனார். மற்றவர்கள் மேசையைச் சுற்றி வந்தார்கள். கடைசி ஆள் நாற்காலியை இழுக்கும் நேரத்தில் திரை உறைந்தது. பிறகு முழு நீலமானது. பிறகு கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, தன் வயிற்றைத் தானே சோதித்துக்கொள்ள ஆரம்பித்தது. அதற்குப் பத்து நிமிடம் ஆகும். மறுபடி குடிவைத்தேன். மறுபடி நீலம். மலைமேல் இருந்த நீர்மின் நிலையத்திலும் தகராறு ஏற்பட்டு, மின்சாரத்தை முறை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் முறை பகலில் சில மணி நேரம். ஒவ்வொரு நீலத்துக்கும் அதிலிருந்து பத்து நிமிடம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டிலிருந்து போன் வந்தபோது, பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை ரிசீவரின் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவின் மகன் வழி சொன்னான். சேர்த்தவற்றில் ஏதோ ஒன்றுதான் பழுது. ஒன்று பழுதானாலும் முழு விளையாட்டும் விழுந்துவிடும். ஒவ்வொன்றாகத் தேடினால் நேரமாகும். ஆகவே பாதியை வெளியே எடுத்து வை. ஓடினால் பழுது வெளியே இருக்கிறது. ஓடாவிட்டால் உள்ளே இருக்கிறது. பழுது உள்ள பாதியை மறுபடி பாதியாக்கு. கண்டுபிடித்ததும் அதைச் சரிசெய்து திரும்பப் போட்டுவிடலாம். அந்த முறையின் எளிமை என்னை மயக்கியது. பின்னாளில் நான் படித்ததும், இன்று செய்கிற வேலையும் அந்தப் போன் பேச்சிலிருந்து தொடங்கியவை என்று சொன்னால் மிகையில்லை.

முதலில் பொருட்களைச் சந்தேகித்தேன். தானோவாவை வெளியே எடுத்த செய்தி முன்வாசலை எட்டியதும் மோமோ இந்தியில் கண்டனம் தெரிவித்தார்.

"நங்கோனா யாரையும் விழவெச்சதில்லெ மகளே. உக்காந்தவன எந்திரிக்க விடாது, அவ்ளோதான்!"

அவர் சொன்னது சரியாயிற்று. தொட்டி, வேலி, பஸ் மூன்றையும் எடுத்த பிறகும் திரை நீலமானது. அப்படியானால் பழுது ஆட்களில்தான்.

இங்கேதான் எங்கள் வீட்டு வழக்கம் குறுக்கே வந்தது. பாதி என்றால் எந்தப் பாதி? பெரியவர்களை முதலில் வெளியேற்றுவது எப்படி? பிறந்தநாள் கேக்கைக்கூட வயது வரிசையில் கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. ஆகவே சிறியவர்களிடமிருந்து தொடங்கினேன். நான், தம்பி, மாமாவின் மகன், இவர்களோடு விருந்தாளி என்ற முறையில் மோமோ. நான்கு பேர் வெளியே.

தம்பி அழுதான். மோமோ மாலையில் வந்ததும் அவன் ஓடிப்போய், அக்கா உங்களையும் துரத்திவிட்டாள் என்று கோள் மூட்டினான். மோமோ தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்தார்.

"ஹம்கே காஹே நிகாலா?" என்று கேட்டார். என்னை ஏன் வெளியேற்றினாய் என்று பொருள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? நாடு பூரா உங்களப் போ போன்னு கத்திட்டிருக்கான். ஒங்க பொண்ணு எங்கள மொதல்ல அனுப்பிட்டா!" என்றார்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நால்வரை எடுத்தும் திரை நீலமானது. முறைப்படி பழுது பெரியவர்கள் பக்கம். உறுதிசெய்துகொள்ள, சிறியவர்களை உள்ளே வைத்துப் பெரியவர்களை எடுக்க வேண்டும். அப்பாவிடம் அனுமதி கேட்டேன். அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார், கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, "எடுத்துக்கோ. எங்க வேணா அனுப்பு, லீவு குடுத்தாங்கன்னா போறேன்" என்றார். அம்மாவோ, வெளியே இருக்கும் நேரத்தில் தமக்கு ஓய்வு கிடைக்குமா என்று விசாரித்தார். அப்பா, அம்மா, மாமா மூவரையும் எடுத்துவிட்டேன்.

அத்தையை எடுக்கவில்லை. மரியாதை மட்டும் காரணமல்ல. மாமாவின் மகன் சமைக்கும் திறமையை அத்தைக்கு மட்டுமே கொடுத்திருந்தான். வேறு யாராவது அடுப்பைத் தொட்டால் அந்த விளையாட்டில் வீடு தீப்பிடிக்கும். ஆகவே சிறியவர்கள் பாதியோடும் அத்தை இருந்தார். பெரியவர்கள் பாதியோடும் இருந்தார். அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டுப் பேரை நான்கும் நான்குமாகப் பிரித்தேன் என்று நோட்டில் எழுதினேன். உண்மையில் நான் ஏழு பேரைப் பிரித்திருந்தேன். அத்தையை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. வீட்டுக்குச் சுவர் இருப்பதை யாரும் எண்ணுவதில்லையே, அப்படி.

மறுபடியும் நீலம். பிறகு ஏழு பேரையும் தனித்தனியாக எடுத்துச் சோதித்தேன். மூன்று நாள் மின்சாரம் இதில் போயிற்று. ஒவ்வொரு பெயரின் எதிரேயும் சிவப்பு மையால் குறியிட்டுக்கொண்டே வந்தேன். முடிவில் என் நோட்டின்படி எங்கள் குடும்பத்தில் எல்லோருமே பழுதானவர்கள்.

அதே நாட்களில் பெரியவர்களும் ஒரு தாளை வைத்துக்கொண்டு தவித்திருந்தார்கள். அது எனக்கு அன்று தெரியாது. வாசகருக்கு நான் அதை மறைக்க வேண்டியதில்லை. சுவா மருத்துவர் அத்தையை இரண்டாம் முறை அழைத்து இதயத்தைப் படம் எடுத்திருந்தார். விண்ணப்பத்தில் உள்ளவர்களில் ஒருவர் உடல்நலத்தில் தேறாவிட்டால் எவருமே தேறாதவர் என்பது அந்த நாட்டின் விதி. அத்தையின் வால்வைக் காரணம் காட்டி, உங்கள் விளக்கம் என்ன என்று கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அம்மாவின் பள்ளியில் அதற்குள் மூன்று ஆசிரியைகள் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் தெருவின் கோடியில் ஒரு கடையை யாரோ கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். அப்பாவின் பதில் ஒன்றே ஒன்றாக இருந்தது. அது மட்டும் கதவு இடுக்கு வழியே எனக்கும் கேட்டது.

"போனா அஞ்சு பேரும் போவோம். இல்லேன்னா இங்கியே கெடப்போம். சுப் ரஹோ அக்கா."

அத்தையைப் பேசாமல் இருக்கச் சொன்னார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரை அத்தை அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

எல்லோரும் பழுது என்று நான் முடிவுகட்டிய மறுநாள் அத்தை ஊசிக்குப் போய் வந்தார். வழக்கத்தைவிட நேரமாகித்தான் வந்தார். மோமோவின் காரில் வந்து இறங்கினார். வந்ததும் அடுப்பங்கரைக்குப் போகாமல், பயற்றங்காய்க் கூடையோடு என் அருகே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நோட்டை மூடிவைத்துக் கன்னத்தில் கையூன்றியிருந்தேன்.

"என்னாடி கண்ணு, மறுபடி நின்னு போச்சா?"

எல்லோரையும் எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவர் காயை நறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்தார். அதில் ஒரு பட்டியல் இருந்தது. ஆங்கிலம் அதிகம் படிக்காவிட்டாலும் எட்டு வரிகளை அவரால் எண்ண முடிந்தது.

"பூராப் பேரையும் வெளிய அனுப்பிப் பாத்தே. என்னைய அனுப்பலியே."

"நீங்க இல்லேன்னா யாரு சமைப்பா அத்தே?"

"பசிச்சா கத்துக்குவாங்க. நீ எடுத்துப் பாரு."

நான் தயங்கினேன். இன்னும் சற்று நேரத்தில் மின்சாரம் போய்விடும்; அதை இந்த வீண் சோதனையில் செலவிட வேண்டுமா என்பதே என் கவலை. அவர் கத்தியை வைத்துவிட்டு என் பின்னங்கழுத்தைத் தேய்த்துக்கொடுத்தார். பட்டியலில் இருந்த அத்தையின் ஃபைலை வெளியே நகர்த்தினேன்.

ஏழு பேர் மேசையைச் சுற்றி வந்தார்கள். கடைசி ஆள் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். திரை உறையவில்லை. சற்று நேரத்தில் அம்மா சமைக்கப் போய் அடுப்பைக் கொளுத்திவிட்டார். எல்லோரும் கையை உதறிக் கத்தினார்கள். வாழ்நாளெல்லாம் தீயணைப்பு வேலை செய்த மோமோ ஒரு மூலையில் நின்று அழுதார். அப்போதும் உறையவில்லை. நெருப்பு அணைந்தது. பசியால் முகம் வாடி, மறுநாள் அப்பா எதையோ கருக்கினார். அதற்கு மறுநாள் அம்மா ஒரு தட்டு உணவை முழுதாகச் செய்து மேசையில் வைத்தார். விளையாட்டில் நாட்கள் நிமிடங்களில் ஓடும். மின்சாரம் போகும்வரை நானும் அத்தையும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை ஒரு காய்கூட நறுக்கவில்லை.

திரை இருண்டதும் அவர் சொன்னார்:

"பாத்தியா? நல்லாத்தான இருக்காங்க."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். அவரைக் கட்டிக்கொண்டு, கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவினேன். அவர் நெஞ்சில் என் காது அழுந்தியபோது கேட்ட அந்த விசித்திரமான, இடையில் காற்று கசிவதுபோன்ற ஓசை எனக்குப் பழக்கமானது. எல்லோருடைய நெஞ்சிலும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் போனில் மீதியும் தெளிவாயிற்று. மற்ற ஏழு முகங்களும் ஒரே அளவில் இருந்தன. அத்தையின் முகம் மட்டும் விளையாட்டு தாங்கக்கூடிய அளவைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தது. ஆல்பத்தில் அத்தைக்குத் தனிப்படம் ஒன்றுகூட இல்லையாம். ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில், தட்டை ஏந்திக்கொண்டு, கட்டைவிரல் நகம் அளவில் நின்றிருந்தவரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எடுத்தபோது, மாமாவின் மகன் அளவைத் திருப்பிக் குறைக்க மறந்துவிட்டான். குறைத்தேன். அத்தையைத் திரும்ப வீட்டில் குடிவைத்தேன். எட்டுப் பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைக் காட்ட அத்தையை இழுத்து வந்தேன். வெளியே எடுத்தது சரிசெய்யத்தான், சரிசெய்த பிறகு யாரையும் திரும்பப் போட்டுவிடலாம் என்று விளக்கினேன். அவர் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியா கண்ணு. அப்ப சரி" என்றார்.

சில மாதங்களில் எங்கள் நால்வருக்கும் விசா வந்தது. அத்தை பிறகு வருவார் என்றார்கள். நாங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் தம் சின்னம்மாவின் மகன் வீட்டுக்கு, ட்ரெகேட்டிக்குக் கப்பலேறிவிட்டார். அறுவடை நேரம், அங்கே ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார். விமானத்தில் நாங்கள் போவதைப் பார்க்க மோமோ மட்டும் வந்தார். சீருடையோடு, ஓடுதளத்தின் ஓரத்தில், தம் சிவப்பு வண்டியின் மேல் ஏறி நின்றார். இன்றும் எந்த விமான நிலையத்திலும் அந்த வண்டிகளைக் கண்டால் மனத்துக்குள் அவரை வணங்கிக்கொள்கிறேன்.

பிரிஸ்பேனில் எங்கள் வாழ்க்கை நன்றாக அமைந்தது. அம்மா மறுபடி படித்து அங்கேயும் ஆசிரியை ஆனார். தம்பி வளர்ந்து இன்று மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறான். நான் மென்பொருள் பிழைகளைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறேன். மாலையில் தமிழ் நூல்கள் படிக்கிறேன். அத்தையோடு தொலைபேசியில் பேசுவதற்காக விடாமல் வைத்திருந்த மொழி, அவர் போன பிறகு படிப்பதற்கு உதவுகிறது. பத்தொன்பது வயதில் ஒருமுறை ட்ரெகேட்டிக்குப் போய் அவரோடு இரண்டு வாரம் இருந்தேன். வயல் வரப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். குடியேற்றத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எங்கள் நால்வருடைய உடல்நலத்தையும் பெயர்பெயராகக் கேட்டார். அதற்கு அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அவருடைய இதயம் நின்றது.

அப்பாவின் மறைவுக்குப் பிறகு, அம்மா பழைய கோப்புகளை என்னிடம் கொடுத்தார். குடியேற்றத் தாள்களுக்கு நடுவே ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. மோமோவின் பெரிய பெரிய எழுத்து. கீழே அத்தை தமிழில் இட்ட கையெழுத்து. ட்ரெகேட்டியில் உறவினரோடு வாழ முடிவுசெய்துவிட்டேன், ஆகவே இனி நான் என் தம்பி குடும்பத்தை நம்பி வாழ்பவள் அல்ல, அவர்கள் விண்ணப்பத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடவும் என்று நான்கு வரிகள். அந்த வீட்டில் யார் யாரை நம்பி வாழ்ந்தார்கள் என்பதை அறிந்த இருவர் உட்கார்ந்து எழுதிய பொய். தேதி, அவர் ஊசிக்குப் போய்விட்டு மோமோவின் காரில் வந்து இறங்கிய நாளின் தேதி. அந்த நாளின் பக்கம் என் நோட்டில் இருப்பதால் எனக்கு ஐயமில்லை. அதாவது, பயற்றங்காய்க் கூடையோடு என் பக்கத்தில் வந்து உட்காருவதற்கு முன்பே அவர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டிருந்தார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி இருந்தது.

என் பேச்சுதான் அவரை வெளியேற்றியதோ என்று அதுவரை ஆண்டுக்கணக்கில் எனக்குள் இருந்த ஒரு பயம் அந்தத் தேதியைப் பார்த்ததும் விலகியது. அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இறந்த பிறகும் எங்களுக்கு அவர் ஏதாவது செய்துகொண்டுதான் இருந்தார்.

ஆனால் அன்று மாலைச் சாப்பாட்டு வேளையை நான் இன்னும் சொல்லவில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். வறுத்த மீனும் பயற்றங்காய்க் கறியும். நான் பொறுக்க முடியாமல் அறிவித்தேன்: விளையாட்டைச் சரிசெய்துவிட்டேன், ஒரே ஒருவர்தான் பழுது, அவரை எடுத்ததும் மற்ற எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, யார் அந்த ஆள் என்று கேட்டார். மோமோவின் பெயரை எதிர்பார்த்து அவர் முகம் சிரிக்கத் தயாராகவே இருந்தது.

"அத்தை" என்றேன்.

அப்பாவின் கை தட்டில் நின்றது. அம்மா எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். கூஜா மேசையில் நிறைந்தே இருந்தது. தம்பி மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முகம் அத்தனை தெளிவாக, அத்தனை இலேசாக இருந்தது. என் வெற்றியில் அவருக்குத்தான் எத்தனை மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

"புள்ளையே கண்டுபிடிச்சிருச்சு தம்பி. நாம என்னா இன்னும் பேசிட்டிருக்கோம்?" என்றார் அப்பாவிடம்.

பிறகு மீன் தட்டை இழுத்து, எப்போதும் அப்பாவுக்கென்று ஒதுக்கும் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். அப்பா அதைப் பார்த்தார். அந்தத் துண்டு எனக்கு வந்தது அதுவே முதல் முறை. கெட்டிக்காரி, முள் பார்த்துச் சாப்பிடு என்றார் அத்தை. நான் முள் பார்த்துச் சாப்பிட்டேன்.